ரஷீத் வாலஸும் 41 டெக்னிக்கல் ஃபவுல்களும்: முன்கோபக்கார நட்சத்திரம் ஓர் அணியை வெற்றிக்கு நடத்த முடியுமா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2000–01 பருவத்தில் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியின் பவர் ஃபார்வர்டு (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) ரஷீத் வாலஸ், நடத்தைக் குற்றங்களுக்காக வாங்கிய டெக்னிக்கல் ஃபவுல்களின் எண்ணிக்கை 41. அதற்கு முந்தைய பருவத்தில் 38. என்பிஏ வரலாற்றில் ஒரே பருவத்தில் 41-ஐத் தாண்டியவர் இன்றுவரை எவரும் இல்லை. நடுவர்களோடு சண்டையிட்டே தன் திறமையை வீணடிப்பவர் என்று எழுதப்பட்ட அதே மனிதர், 2004 ஜூன் 15 அன்று, டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் தொடக்க ஐவரில் ஒருவராக நின்று சாம்பியன் பட்டத்தை வென்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் சாந்தமாகிவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை. டெட்ராய்ட்டிலும் அவர் டெக்னிக்கல் ஃபவுல் பட்டியலின் மேல் வரிசையிலேயே இருந்தார், ஓய்வு பெறும்போது அவருடைய மொத்தக் கணக்கு 300-ஐத் தாண்டியிருந்தது. மனிதர் மாறவில்லை, முடிவு மட்டும் மாறியது என்றால், எது மாறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் டெக்னிக்கல் ஃபவுலின் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ஏனென்றால் இவரைப் பற்றிய விவாதங்களில் அந்த விலை பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகிறது. நடுவரிடம் வாதாடுவது, பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பது போன்ற நடத்தைக் குற்றங்களுக்கு விதிக்கப்படும் டெக்னிக்கல் ஃபவுலுக்கு எதிரணி ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ (தடுப்பார் யாருமின்றி வீசும் ஒரு புள்ளி வீச்சு) வீசும். அதன்பின் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். அந்த வீச்சுக்கு எதிரணி தன்னிடமிருக்கும் ஆகச் சிறந்த ஃப்ரீ த்ரோ வீரரை அனுப்பும் என்று கொண்டு, நூற்றுக்கு 85 உள்ளே விழுவதாக வைத்துக்கொண்டாலும், 41 டெக்னிக்கலால் எதிரணிகள் பெற்ற புள்ளிகள் சுமார் 35. அதை 82 ஆட்டங்களில் பரப்பினால் ஆட்டத்துக்கு அரைப் புள்ளி கூட வராது. ஒரே ஆட்டத்தில் இரண்டாவது டெக்னிக்கல் வாங்கினால் வெளியேற்றம் என்பதால், அவர் களத்தில் இல்லாத நிமிடங்களின் இழப்பையும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும், ஆட்டத்துக்கு ஏறத்தாழ 19 புள்ளிகள் எடுத்து, எதிரணியின் உயரமான வீரர்களைத் தனியாளாகக் கட்டிப்போடக்கூடிய ஒருவருக்கு இது ஓர் அணி மனமுவந்து கொடுக்கக்கூடிய விலைதான்.

(பிற்காலத்தில் விலை கூட்டப்பட்டது. ஒரு பருவத்தில் 16-வது டெக்னிக்கலுக்கு ஓர் ஆட்டத் தடை, அதன்பின் ஒவ்வோர் இரண்டுக்கும் மேலும் ஓர் ஆட்டத் தடை என்ற விதி 2006–07 பருவத்தில் வந்தது. வாலஸின் 41-ஐ இந்த விதிக்குள் போட்டுப் பார்த்தால் 13 ஆட்டங்கள் அவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். கோபம் ஓர் அணிக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதை வீரரின் குணம் மட்டுமல்லாமல் அந்தந்தக் காலத்து விதிப்புத்தகமும் தீர்மானிக்கிறது.)

ஆகவே போர்ட்லண்டின் தோல்வியை ஃபவுல் கணக்கால் விளக்க முடியாது. அந்த அணியின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1999–2000 பருவத்தில் 59 வெற்றிகள் பெற்ற அந்த அணியில் ஸ்காட்டி பிப்பன், ஸ்டீவ் ஸ்மித், டேமன் ஸ்டௌடமயர், ஆர்விதாஸ் சபோனிஸ், பிரையன் கிராண்ட் என்று, வேறெந்த அணியிலும் முதன்மை இடம் பிடிக்கக்கூடியவர்கள் நிரம்பியிருந்தார்கள். பின்னாளில் இண்டியானா அணிக்குப் போய் ஆல்-ஸ்டார் (பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆன ஜெர்மேன் ஓ'நீல் அங்கே பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவர்களில் வாலஸ்தான் மிகத் திறமையானவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அணி யாருடையது என்ற கேள்விக்கு நிர்வாகமோ பயிற்சியாளர் மைக் டன்லீவியோ விடை சொல்லவில்லை, வாலஸும் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கவில்லை. நெருக்கடி நேரத்தில் தானே சுட வேண்டும் என்று அடம்பிடிக்கும் நட்சத்திரங்களுக்கு நடுவே அவர் ஒரு விசித்திரப் பிறவி: சக வீரர் தன்னைவிட நல்ல இடத்தில் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார், அதிலே அவருக்குப் பெருமையும் உண்டு.

2000-ஆம் ஆண்டு மேற்குப் பிரிவு இறுதித் தொடர் இந்த அமைப்பின் பலம், பலவீனம் இரண்டையும் காட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஒரு டெக்னிக்கல் வாங்கிய பிறகும் நடுவரை விடாமல் முறைத்துக்கொண்டிருந்ததற்காக வாலஸ் வெளியேற்றப்பட்டார். தொடர் ஏழாவது ஆட்டம் வரை நீண்டது. அந்த ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் போர்ட்லண்ட் 75–60 என்று 15 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அதன்பின் தொடர்ச்சியாக 13 வீச்சுகள் தவறின. முடிவில் லேக்கர்ஸ் 89–84 என்று வென்றது. அன்று வாலஸ் 30 புள்ளிகள் எடுத்திருந்தார், எந்த ரகளையும் செய்யவில்லை. எந்த ஆட்டத்தில் அவர் கோபத்தை அடக்கி, திறமையை முழுமையாகக் காட்டினாரோ அந்த ஆட்டத்தில்தான் அணி சரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பதின்மூன்று வீச்சுகள் தவறிக்கொண்டிருந்தபோது ஆட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, ஒரே ஒரு எளிய நகர்வைச் சொல்லி அணியை மீண்டும் வரிசைப்படுத்த ஓர் ஆள் தேவைப்பட்டார். ஆறு பட்டங்கள் வென்ற பிப்பன் இருந்தும் அந்த ஆள் அங்கே இல்லை.

அந்தத் தோல்வியை அடுத்து வந்த கோடையில் நிர்வாகம் செய்ததுதான் என் கணிப்பில் அதைவிடப் பெரிய பிழை. குறை ஆள் பலத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டேல் டேவிஸையும் ஷான் கெம்ப்பையும் கொண்டுவந்தார்கள். மார்ச் மாதத்தில், அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே, ராட் ஸ்டிரிக்லண்டையும் சேர்த்தார்கள். யாருக்கு எத்தனை நிமிடம் என்ற சச்சரவு பெருகியது. 50 வெற்றிகளோடு பருவத்தை முடித்த அணி, முதல் சுற்றிலேயே லேக்கர்ஸிடம் மூன்று ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது. டன்லீவியின் வேலையும் போனது. வாலஸின் 41 டெக்னிக்கல் வந்தது அந்தப் பருவத்தில்தான். பருவத்தின் இறுதியில் அவர் தன் சொந்த அணியின் சபோனிஸ் முகத்தில் துண்டை எறிந்த சம்பவமும் நடந்தது. அந்தத் துண்டுதான் 41-ஐவிட முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன். நடுவர் மீது பாயும் கோபத்தை ஓர் அணி தாங்கிக்கொள்ளும். சில சமயம் அதனால் ஒன்றுசேரவும் செய்யும். அதே கோபம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மீது திரும்பினால், அந்த அறையில் ஒருவரையொருவர் நம்புவது நின்றுபோகிறது.

முன்கோபக்கார நட்சத்திரங்களைப் பற்றி ஆராயும்போது கோபத்தின் அளவைவிட அது எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வாலஸ் விஷயத்தில் துண்டு எறிந்தது விதிவிலக்கு. அவருடன் ஆடியவர்களில் பெரும்பாலோர் அவரைத் தன்னலமற்றவர் என்றே நினைவுகூர்கிறார்கள். அவருடைய சண்டை அதிகாரத்தில் இருப்பவர்களோடு: நடுவர்கள், செய்தியாளர்கள், லீக் நிர்வாகம். 2003 ஜனவரியில் ஆட்டம் முடிந்தபின் அரங்கத்தின் சரக்கு ஏற்றும் மேடையருகே நடுவர் டிம் டோனகியை மிரட்டியதாக அவருக்கு ஏழு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அடிதடியோ போதைப்பொருளோ சம்பந்தப்படாத குற்றத்துக்கு அதுவரை விதிக்கப்பட்ட மிக நீண்ட தடை அது. அந்த டோனகி, ஆட்டங்களின் மீதான சூதாட்ட வழக்கில் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பின்னர் சிறை சென்றார் என்பது வேறு கதை. அதனால் வாலஸ் மிரட்டியது சரியாகிவிடாது என்றாலும், ‘நடுவர்கள் மீது காரணமின்றிப் பாய்பவர்’ என்ற முத்திரையை அப்படியே ஏற்கவும் தயக்கம் வருகிறது. அதே ஆண்டு டிசம்பரில் போர்ட்லண்ட் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், இளம் கறுப்பின வீரர்களை லீக் பணத்துக்காகச் சுரண்டுகிறது என்று அவர் சொன்னதை ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் வெளிப்படையாகக் கண்டித்தார். பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் ஒரு நகரத்தில், சில வீரர்களின் கைது செய்திகளால் அணிக்கே ஏளனப் பெயர் சூட்டப்பட்டிருந்த நாட்களில், ‘குணம் சரியில்லாதவர்’ என்ற சொல்லுக்குள் விளையாட்டுக்கு வெளியே உள்ள எவ்வளவோ அடங்கியிருந்தது.

2004 பிப்ரவரி 9 அன்று போர்ட்லண்ட் அவரை அட்லாண்டாவுக்கு மாற்றிவிட்டது. அங்கே அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். பத்து நாட்களில், மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில், டெட்ராய்ட் அவரைப் பெற்றது. பிஸ்டன்ஸ் அணியின் கூடைப்பந்துத் தலைவர் ஜோ டூமார்ஸ் அதுவரை கட்டியிருந்த அணியில் சூப்பர் ஸ்டார் என்று எவரும் இல்லை. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு சான்சி பில்லப்ஸ் பல அணிகள் கைவிட்டு அனுப்பியவர். பென் வாலஸ், புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். ரிச்சர்ட் ஹேமில்டன் ஓயாமல் ஓடி, சக வீரர்களின் தடுப்புகளைச் சுற்றி வந்து சுடுபவர். டேஷான் பிரின்ஸ் நீண்ட கைகளும் குறைந்த பேச்சும் உள்ளவர். பயிற்சியாளர் லேரி பிரவுன், வாலஸைப் போலவே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடியவர்.

இந்த அணியில் வாலஸுக்குக் கிடைத்த வேலை போர்ட்லண்டில் இருந்ததைவிடச் சிறியதாகத் தெரியும். அவருடைய சராசரிப் புள்ளிகளும் குறைந்தன. ஆனால் அது அவருக்கென்றே வெட்டி வைத்த வேலை. ஆட்டத்தின் வேகத்தையும் கடைசி நிமிடங்களையும் பில்லப்ஸ் கவனித்துக்கொண்டார். ரீபவுண்டுகளையும் (தவறிய வீச்சில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) உடல் மோதல்களையும் பென் வாலஸ் ஏற்றுக்கொண்டார். ரஷீதிடம் எஞ்சியது தற்காப்பின் பின்வரிசையில் நின்று வாயால் ஆட்டத்தை நடத்துவது. எதிரணி தடுப்பு வைக்கப் போவதை முன்கூட்டியே கத்திச் சொல்வது, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று ஓயாமல் அறிவிப்பது, ஒருவர் ஏமாந்தால் அந்த இடத்தை நிரப்புவது. நடுவர்களிடம் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்ட அதே வாய் இங்கே அணியின் ஒலிபெருக்கி ஆனது. அவர் வந்த சில வாரங்களில் பிஸ்டன்ஸ் தொடர்ந்து ஐந்து எதிரணிகளை 70 புள்ளிகளுக்குக் கீழே நிறுத்தியது. அதுவரை எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை.

பருவ ஆட்டங்களுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளில் அவருடைய முரட்டுத் தன்மை வேறு விதத்திலும் பயன்பட்டது. 61 வெற்றிகள் பெற்றிருந்த இண்டியானாவிடம் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை இழந்ததும், இரண்டாவது ஆட்டத்தில் வெல்வோம் என்று அவர் செய்தியாளர்களிடம் உறுதியாக அறிவித்தார். பொறுப்பான தலைவர்கள் சொல்லத் தயங்கும் வாக்கியம் அது. மறுநாள் செய்திகள் முழுக்க அவரைப் பற்றியே இருந்தன. மற்ற நால்வரும் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கடைசி நொடிகளில் தனியாக ஓடிப்போய் எளிய வீச்சுக்கு எழும்பிய ரெஜ்ஜி மில்லரின் பந்தைப் பின்னாலிருந்து துரத்தி வந்து பிரின்ஸ் தட்டிவிட்டார். 72–67 என்று டெட்ராய்ட் வென்றது, தொடரையும் ஆறு ஆட்டங்களில் முடித்தது. இறுதித் தொடரில் ஷாக் (ஷகீல் ஓ'நீல்), கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் கொண்ட லேக்கர்ஸை 4–1 என்று வீழ்த்தினார்கள். நான்காவது ஆட்டத்தில் ஷாக் 36 புள்ளிகளும் 20 ரீபவுண்டுகளும் எடுத்தார். அவருக்காக இரண்டு மூன்று பேரை அனுப்பித் தங்கள் அமைப்பைக் கலைத்துக்கொள்ளாமல் பிஸ்டன்ஸ் பெரும்பாலும் ஒரே ஆளை வைத்தே தாங்கியது. எதிர்ப்பக்கத்தில் மலோன் முழங்கால் காயத்தோடு தடுமாறிய இடத்தைப் பயன்படுத்தி ரஷீத் 26 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள் எடுத்தார். தொடரின் சிறந்த வீரர் விருது பில்லப்ஸுக்குப் போனது. அதை ரஷீத் குறையாக நினைத்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. அடுத்த பருவத்தில் சக வீரர்களுக்கு மல்யுத்த சாம்பியன்கள் அணியும் தங்க நிறப் பட்டைகளைச் செய்து கொடுத்தவரும் அவரே.

நட்சத்திரம் முன்கோபக்காரராக இருந்தும், தலைமையின் எல்லாப் பொறுப்பையும் தானே சுமந்து வென்ற உதாரணமும் உண்டா என்று கேட்டால், அதற்கும் லேரி பிரவுனிடமே போக வேண்டியிருக்கிறது. 2001-இல் அவர் பயிற்சியளித்த பிலடெல்பியா 76ers அணி முழுக்க முழுக்க ஆலன் ஐவர்சனுக்காகக் கட்டப்பட்டது. ஆட்டத்துக்கு 31 புள்ளிகள் எடுத்த அந்தச் சிறிய உருவத்துக்காரரைச் சுற்றி எரிக் ஸ்னோ, ஏரன் மக்கி, ஜார்ஜ் லின்ச், டிகெம்பே முட்டோம்போ என்று பந்தைக் கேட்காத, தற்காப்பிலேயே திருப்தி காணும் ஆட்களை நிறுத்தினார்கள். ஐவர்சனும் பிரவுனும் ஓயாமல் மோதிக்கொண்டார்கள், பயிற்சிக்கு வருவது பற்றிய தகராறு ஊரறிந்தது. ஆனாலும் அந்த அணி 56 வெற்றிகளோடு இறுதித் தொடருக்குப் போனது. முதல் ஆட்டத்தில் ஐவர்சன் 48 புள்ளிகள் எடுத்து லேக்கர்ஸை அவர்கள் அரங்கிலேயே வீழ்த்தினார். அடுத்த நான்கையும் லேக்கர்ஸ் வென்றது. இப்படி ஒருவருக்காக முழு அணியையும் வடிவமைத்தால் வெகுதூரம் போகலாம், ஆனால் அந்த ஒருவர் களைத்தாலோ காயப்பட்டாலோ மாற்று வழி இருக்காது. ஐவர்சன் இருந்த எந்த அணியும் அதற்குப் பின் இறுதித் தொடரை எட்டவில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் சாக்ரமென்டோவின் டிமார்கஸ் கசின்ஸ். 2015–16 பருவத்தில் ஆட்டத்துக்கு 26.9 புள்ளிகளும் 11.5 ரீபவுண்டுகளும் எடுத்த அவர், அந்த அணியில் இருந்த ஏழாண்டுக்குக் குறைவான காலத்தில் ஒரு முறைகூட பிளே-ஆஃப் ஆடவில்லை. அவருடைய குணம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சண்டைகள் நிறைய, அவை பயிற்சியாளர்கள் பக்கமும் பாய்ந்தன. ஆனால் அந்தக் காலத்தில் அவர் பார்த்த பயிற்சியாளர்கள் ஆறு பேர். அவர்களில் அவரோடு ஒத்துப்போன மைக்கேல் மலோனை, கசின்ஸ் மூளைக்காய்ச்சலால் ஆடாமல் இருந்து அணி தோற்றுக்கொண்டிருந்த வாரங்களின் முடிவில், 2014 டிசம்பரில் நிர்வாகம் பணிநீக்கம் செய்தது. அதே மலோன் 2023-இல் டென்வர் அணியைச் சாம்பியன் ஆக்கினார். 2017 பிப்ரவரியில் கசின்ஸ் போன பிறகும் சாக்ரமென்டோ 2023 வரை பிளே-ஆஃபைக் காணவில்லை. முன்கோபக்காரருக்கு நிலையான வீடு தேவை என்பதும், நிலையற்ற நிர்வாகங்கள்தான் பெரும்பாலும் தங்கள் குழப்பத்துக்கு அவரைக் காரணம் காட்டுகின்றன என்பதும் இந்தக் கதையில் சேர்ந்தே இருக்கின்றன.

டெட்ராய்ட் கதையையும் முழு வெற்றியாகச் சொல்லிவிட முடியாது. சான் அன்டோனியோவுக்கு எதிரான 2005 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பிஸ்டன்ஸ் 95–93 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தை உள்ளே எறிந்த எதிரணியின் ராபர்ட் ஹாரியைக் காவல் காக்க வேண்டியவர் ரஷீத். மூலையில் பந்தோடு நின்ற ஹாரியின் சக வீரர் மனு ஜினோபிலியை ஏற்கெனவே பிரின்ஸ் மறித்திருக்க, ரஷீதும் அங்கே ஓடினார். பந்து ஹாரிக்குத் திரும்பியது, 5.8 நொடிகள் எஞ்சியிருக்க மூன்று புள்ளி வீச்சு உள்ளே போனது. சான் அன்டோனியோ 96–95 என்று வென்று, பின்னர் தொடரையும் ஏழு ஆட்டங்களில் வென்றது. இதில் கோபத்துக்கு எந்தப் பங்கும் இல்லை, எல்லா இடத்துக்கும் தானே போய் உதவ வேண்டும் என்ற பழக்கம்தான் காரணம். அந்த அடிக்குப் பிறகும் பிஸ்டன்ஸ் கலைந்துபோகாமல் எதிரணியின் ஊரில் ஆறாவது ஆட்டத்தை வென்றது. 2007 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நிலைமை வேறு: கிளீவ்லண்டிடம் தோற்றுக்கொண்டிருந்த கடைசிக் கால் பகுதியில் ஆறாவது ஃபவுலை வாங்கிய ரஷீத் நடுவர் மீது வெடித்து, வெளியேற்றப்பட்டார். பிரவுன் அதற்கு இரண்டாண்டு முன்பே போய்விட்டிருந்தார், பென் வாலஸ் 2006 கோடையில் சிகாகோ போயிருந்தார். தாங்கிப்பிடித்த தூண்கள் குறையக் குறைய, பழைய ரஷீத் அடிக்கடி தெரிய ஆரம்பித்தார்.

ஒரு சம்பவத்தை இங்கே சேர்க்காமல் விட முடியவில்லை. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் அரங்கில் வீரர்களும் ரசிகர்களும் மோதிக்கொண்ட கலவரம் என்பிஏ வரலாற்றிலேயே மோசமானது. ஒன்பது வீரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அமைதியான தலைவர் என்று பெயரெடுத்த பில்லப்ஸ் அந்தப் பட்டியலில் இருந்தார், ரெஜ்ஜி மில்லர் இருந்தார், ரஷீத் வாலஸ் இல்லை. ஊரே கொந்தளித்த இரவில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடிந்தவர், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஒரு தவறான விசிலுக்காக வெளியேற்றப்படுவார். கட்டுப்பாடு அவருக்கு இல்லாமல் இல்லை. அநீதி என்று தனக்குப் பட்ட இடத்தில் அதைப் பயன்படுத்த அவர் விரும்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2008 நவம்பரில் டூமார்ஸ் பில்லப்ஸை டென்வருக்கு அனுப்பிவிட்டு ஐவர்சனை வாங்கினார். காகிதத்தில் அது புள்ளிகளைக் கூட்டும் பரிமாற்றம். ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொருவரின் கோபத்துக்கும் விருப்பத்துக்கும் இடம் கொடுத்து, பந்தை யாருக்கு எப்போது தர வேண்டும் என்று முடிவு செய்துவந்த ஆளை எடுத்துவிட்டு, பந்து தன்னிடமே இருக்க வேண்டிய ஓர் ஆளை அந்த இடத்தில் வைத்தார்கள். ஒரே அணியில் ஐவர்சனும் ரஷீத் வாலஸும் இருந்த அந்தப் பருவத்தில் டெட்ராய்ட் 39 ஆட்டங்களை வென்று 43-ஐ இழந்தது; பெஞ்சிலிருந்து ஆடச் சொன்னதை ஐவர்சன் ஏற்கவில்லை; முதல் சுற்றில் கிளீவ்லண்ட் நான்கு ஆட்டங்களிலும் வென்றது. பில்லப்ஸ் போய்ச் சேர்ந்த டென்வர் அதே ஆண்டு மேற்குப் பிரிவு இறுதித் தொடர் வரை சென்றது. கோடையில் ஐவர்சன் மெம்பிஸுக்கும் வாலஸ் பாஸ்டனுக்கும் போனார்கள், பிஸ்டன்ஸ் மீண்டும் பிளே-ஆஃப் ஆட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.